சும்மா கண்

ஒட்டும்போது புருவ மயிர் இரண்டு பசையில் மாட்டிக்கொண்டதாம், வலிக்கிறதாம், எடுக்கும்போது இன்னும் வலிக்கத்தான் போகிறதாம், ஆகவே இப்போதே எடுத்துவிட்டால் இரண்டு வலி ஒரே வலியாகிவிடுமாம். கோதையின் தர்க்கத்தில் ஓட்டை கண்டுபிடிப்பது கஷ்டம். ஏழு வயது நிரம்பாத என் மகளுக்கு மூக்கு அவள் அம்மாவிடமிருந்தும் தர்க்கம் என்னிடமிருந்தும் வந்திருக்கின்றன, இரண்டும் கொஞ்சம் நீளம். முடியாது என்கிறேன். ஒட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திவிடுகிறேன். தோல் நிறத்தில், முட்டை வடிவத்தில் ஒரு துண்டுத் துணி. அது அவளுடைய நல்ல கண்ணை, வலது கண்ணை, மூடிக்கொண்டிருக்கிறது. அதன்மேல் மூக்குக்கண்ணாடியை மாட்டுகிறேன், இடது பக்கத்து வில்லை மட்டும் கனம், அதற்குள் இடது கண் பெரிதாய், ஈரமாய், கோயில் சுவரில் எழுதினது மாதிரி அழகாய் என்னைத் தேடுகிறது. நேர் எதிரேதான் உட்கார்ந்திருக்கிறேன். தேடுகிறது. தெரியுதா என்று கேட்கக் கூடாது என்று சித்ரகலா, என் மனைவி, சட்டம் போட்டிருக்கிறாள்: "ஒரு நாளைக்கு எத்தனை தடவைங்க கேப்பீங்க, பிள்ளை என்ன பரீட்சையா எழுதுது?" ஆகவே கேட்கவில்லை. கேட்காமல் மூக்கைச் சொறிகிறேன், சொறிவது தெரிகிறதா என்று அவள் முகத்தைப் பார்க்கிறேன். ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெயில் கூடத்துக்குள் பாதிவரை வந்து நிற்கிறது, கீழ்வீட்டில் யாரோ மீன் வறுக்கிறார்கள், மின்விசிறி தன் பழைய புகாரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு சுற்றுகிறது. நாளைக் காலை மருத்துவமனையில் மறுபரிசோதனை. போன தடவை எழுத்துப் பலகையில் எல்லாவற்றுக்கும் மேலே குந்தியிருக்கும் அந்த ஒற்றைப் பெரிய எழுத்தைத் தவிர இடது கண்ணுக்கு வேறொன்றும் தெரியவில்லை, அதற்கு முந்தைய தடவையும் அதேதான். அடுத்த தடவையும் இப்படியே இருந்தா, என்று டாக்டரம்மா அன்றைக்குச் சொல்ல ஆரம்பித்தார், பிறகு மேசையில் பேனா மூடியைத் தேட ஆரம்பித்தார். மூடி அவர் கையிலேயே இருந்தது.

வயது ஏறினால், அந்தக் கண் பார்க்கப் பழகுவதற்கான கதவு சாத்திக்கொள்ளும் என்பதுதான் அவர் சொல்லாமல் விட்டது. சின்ன வயதில் திறந்திருக்கும், பிறகு ஒருநாள் சாத்திக்கொள்ளும், எந்த நாள் என்று யாருக்கும் தெரியாது, சத்தம் கேட்காது. நான் ராத்திரி பகல் பார்க்காமல் அந்தச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்கிறேன். சத்தம் கேட்டது ஒரே ஒரு தடவை, அது வேறு சத்தம், கீழே வண்டி நிறுத்தும் இடத்தில், குழந்தைகள் கண்ணாமூச்சி ஆடிக்கொண்டிருந்த சாயங்காலம். நான் முதல் மாடி பால்கனியில் செய்தித்தாளோடு நின்று பிழைகள் பொறுக்கிக்கொண்டிருந்தேன். மாடிவீட்டு ரிஸ்வான்தான் அவள் கண்ணில் துப்பட்டாவைக் கட்டினான், பத்து வயது, எல்லா விளையாட்டுக்கும் அவன்தான் நீதிபதி. கட்டு நழுவிவிட்டது. இடது கண் முழுக்க வெளியே. "ஏய், அழுகுணி! கோதைக்கு ஒரு கண்ணு வெளிய இருக்குடா, பாத்துக்கிட்டே புடிக்கப் பாக்குறா!" "நான் ஒண்ணும் பாக்கல." "பொய்யி! கண்ணு தொறந்துதான இருக்கு?" "தொறந்துதான் இருக்கு. அது சும்மா கண்ணுடா." எல்லாரும் சிரித்தார்கள். பால்கனியில் நானும் சிரித்தேன், என்ன சொல்லாட்சி என்று சிரித்தேன், இதைச் சித்ரகலாவிடம் சொல்ல வேண்டும் என்று மனதில் மடித்து வைத்துக்கொண்டேன். ரிஸ்வான் அவள் முன்னால் வந்து நின்று நாக்கைத் துருத்தினான், காதைப் பிடித்து ஆட்டிக் காட்டினான், அவள் அவன் தோளுக்கு அந்தப் பக்கம் காற்றில் கையை நீட்டிக்கொண்டு, சிரித்த முகமாய், திறந்த கண்ணோடு, அவனைத் தாண்டி நடந்தாள். நடந்து, நிறுத்தியிருந்த ஸ்கூட்டரின் கைப்பிடியில். சிரிப்பு நின்றுபோனதைக் கேட்டேன். அதுதான் அந்தச் சத்தம், பத்துக் குழந்தைகள் ஒரே நேரத்தில் சிரிப்பை நிறுத்துவது. "மாமா! சும்மா கண்ணுன்னா நெசமாவே தெரியல மாமா!" என்று ரிஸ்வான் மேலே பார்த்துக் கத்தினான், அவன் குரல் அழுகைக்குப் பக்கத்தில் இருந்தது. அந்தக் குடியிருப்பிலேயே முதலில் கண்டுபிடித்தவன் அவன், நாக்கைத் துருத்திக் கண்டுபிடித்தான். புருவத்தில் மஞ்சள் வைத்துக்கொண்டே அவளைக் கேட்டோம். ஒரு கண்ணு பாக்க, ஒரு கண்ணு சும்மா, என்று அவள் நிதானமாக விளக்கினாள், இதுகூடத் தெரியாதா என்கிற பொறுமையோடு. பிறகு என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பி, "உனக்கு எந்தக் கண்ணுப்பா சும்மா?" என்று கேட்டாள்.

எந்தக் கண். அந்தக் கேள்வியிலிருந்து நான் இன்னும் எழுந்திருக்கவில்லை. "கண்ணு நல்லாத்தாங்க இருக்கு" என்றார் டாக்டரம்மா, "அந்தக் கண்ணுக்கு மட்டும் பவர் ரொம்ப ஜாஸ்தி. பிறந்ததுலேர்ந்து மங்கலாவே அனுப்பிக்கிட்டிருந்திருக்கு. மூளை பார்த்துச்சு, இது வேலைக்காகாதுன்னு அதைக் கண்டுக்கறதையே விட்டுருச்சு. சோம்பேறிக் கண்ணும்பாங்க." எனக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை, சொல்லியும் விட்டேன்: அந்தக் கண் சோம்பேறி இல்லை டாக்டர், அதற்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. சித்ரகலா என் காலை மிதித்தாள். மாறுகண்ணாக இருந்திருந்தாலாவது யாராவது பார்த்திருப்பார்கள், எங்கள் பக்கத்தில் அதை அதிர்ஷ்டம் என்று வேறு கொண்டாடியிருப்பார்கள், கொண்டாடிக்கொண்டே சீரழித்திருப்பார்கள். இரண்டு கண்ணும் நேராக, ஜோடியாக, அழகாக இருந்ததுதான் கேடு. பள்ளிக்கூடத்தில் பரிசோதித்த அன்றைக்கு இவள் வரிசையில் கடைசி, முன்னால் நின்றவர்கள் படித்ததைக் கேட்டே பலகையை மனப்பாடம் செய்துவிட்டாள், மிட்டாய் வாங்கிக்கொண்டு வந்தாள். டாக்டரம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார். டிவி பாக்கறப்ப தலையைச் சாய்ச்சுப் பாப்பாளா? சாய்ப்பாள். படி இறங்கறப்ப தடுமாறுவாளா? தண்ணி ஊத்துனா டம்ளருக்கு வெளிய போகுமா? போகும், போகும். எல்லாம் எனக்குத் தெரியும், தெரியாதது ஒன்றுகூட இல்லை, எல்லாவற்றுக்கும் பெயர்கூட வைத்திருந்தேன். அருங்காட்சியகத்தில் சிலைகளுக்குக் கீழே ஒட்டும் விவரச்சீட்டு எழுதுவது என் வேலை. எது கண்ணில் பட்டாலும் அதற்கொரு பெயர் எழுதி ஒட்டாவிட்டால் எனக்குக் கை அரிக்கும். தலைச் சாய்ப்புக்குத் திரிபங்கம் என்று பெயரிட்டு, மூன்று வளைவில் இரண்டு குறைகிறதே என்று அதிலும் பிழை சொன்னேன். தண்ணீர் வெளியே போனால், கடையெழு வள்ளல்களுக்குப் பிறகு எட்டாவது வள்ளல். படியில் தடுமாறினால் துள்ளல். "பக்கத்துல உக்காந்தா எந்தப் பக்கம் உக்காருவா?" என்று கேட்டார். அதற்குத்தான் காத்திருந்தவன்போல நான் நிமிர்ந்தேன். என் இடது பக்கம்தான் டாக்டர், வேறெங்கும் உட்கார மாட்டாள், இடப்பாகம் அவளுடையது, அம்மையப்பன் வடிவத்தில் இடப்பாகம் அம்மைக்கு அல்லவா, என்று ஆரம்பித்தேன். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மெருகேறிய வாக்கியம் அது. அப்ப எனக்கு எந்தப் பாகம்ங்க, அடுக்களையா, என்று சித்ரகலா ஒவ்வொரு தடவையும் கேட்பாள், எல்லாரும் சிரிப்பார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "இடது பக்கம் உக்காந்தாத்தான் நீங்க அவளோட வலது பக்கம் இருப்பீங்க" என்றார், "தெரியற கண்ணு பக்கம்." அவ்வளவுதான் சொன்னார்.

"அப்பா, எனக்கும் நீயே போடு." போடுகிறேன். பரமபத அட்டை எங்களுக்கு நடுவில் விரிந்திருக்கிறது. ஒட்டுப் போட்டிருக்கும் நேரத்தில் இடது கண்ணுக்குக் கிட்டத்து வேலை கொடுக்க வேண்டும் என்பது உத்தரவு. முதலில் பச்சைப்பயறையும் கொண்டைக்கடலையையும் கலந்து கொடுத்துப் பிரிக்கச் சொன்னோம், என்ன வேகம், சித்ரகலா பூரித்துப்போனாள், அப்புறம்தான் பார்த்தால் பிள்ளை ஜன்னலுக்கு வெளியே முகத்தை வைத்துக்கொண்டு விரலாலேயே பிரித்துக்கொண்டிருக்கிறாள். இத்தனை காலமும் அந்தக் கண்ணின் வேலையை விரல்கள் பார்த்திருக்கின்றன, காது பார்த்திருக்கிறது. அதனால் இப்போது தாயக்கட்டை. பெட்டியோடு வந்ததில் புள்ளிகள் குழிகுழியாக இருந்தன, அதையும் கட்டைவிரலால் தடவிக் கண்டுபிடித்துவிட்டாள், ஆகவே வழவழப்பானது ஒன்று தேடி வாங்கினேன், கறுப்புப் புள்ளி, வெள்ளைக் கட்டை, தடவ ஒன்றும் இல்லை. விழுந்தது மூன்று. "என்ன விழுந்திருக்கு?" என்கிறேன். அவள் குனிகிறாள், மூக்கு அட்டையில் படுகிற மாதிரி குனிகிறாள், ஒட்டு போட்ட பக்கத்தைத்தான் கட்டைக்குக் காட்டுகிறாள், பழக்கம், நல்ல கண் மூடியிருக்கிறது என்பதை அவள் கழுத்து இன்னும் நம்பவில்லை. "நீ சொல்லு." எனக்கு ஒரு விஷமம் தோன்றுகிறது, விஷமம் என்றுதான் முதலில் தோன்றுகிறது. "அஞ்சு" என்கிறேன். மூன்று வைத்தால் ஏணி. ஐந்து வைத்தால் பாம்பு, பெரியது, அவளைக் கீழ் வரிசைக்குக் கொண்டுபோகிற பாம்பு. பொய்யி, அழுகுணி, மூணுதான விழுந்துச்சு, என்று அவள் கத்த வேண்டும், கத்திவிட்டால் நாளைக்கு டாக்டர் முன்னால் நிமிர்ந்து உட்காருவேன். கோதை ஐந்து கட்டம் விரலால் எண்ணி வைக்கிறாள். "பாம்பாப்பா?" "பாம்புதான்." "எங்க இறங்கணும்?" அவள் காயை நானே எடுத்துக் கீழே வைக்கிறேன். "பரவால்ல" என்று என்னைத் தேற்றுகிறாள், என் முகம் இருக்கும் திசைக்குக் கொஞ்சம் தள்ளிப் பார்த்து, "இன்னொரு தடவ ஏறிக்கலாம்." உலகத்தில் அப்பா சொல்வதை இப்படி நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். எதிரில் கிடக்கும் மூன்று கறுப்புப் புள்ளிகளை எடுத்து உள்ளங்கைக்குள் மூடிக்கொள்கிறேன், யாரோ பார்த்துவிடப்போகிற மாதிரி.

இதெல்லாம் தெரியவருவதற்கு முன்னால், பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையார் வாங்கிக்கொண்டு வந்த காலையிலும் கேட்டாள். குண்டுமணி பதித்த கண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பிள்ளையாருக்கு எது பாக்கற கண்ணுப்பா என்றாள். நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன், தத்துவம் பேசுகிறாளே என்று. சிலைக்குக் கடைசியாகத்தான் கண் திறப்பார்கள் என்று ஆரம்பித்தேன், ஸ்தபதி நாள் பார்த்து, திரை கட்டி, தங்க ஊசியால் திறப்பார், திறந்தவுடன் கன்றோடு பசுவைக் காட்டுவார்கள், தானியம் காட்டுவார்கள், கண்ணாடி காட்டுவார்கள், அப்புறம்தான் மனிதர்களை. கொழுக்கட்டை ஆறிப்போகிற வரைக்கும் பேசினேன். கல்லுக்கும் பித்தளைக்கும் கண் திறந்ததும் முன்னால் நின்று ஒவ்வொன்றாகக் காட்டுகிறோம், தெரிகிறதா சுவாமி, இது பசு, இது கன்று; பெற்ற பிள்ளைக்கு ஒரு கண்ணைப் பொத்தி, இது தெரியுதா, அதைப் பொத்தி, இது தெரியுதா என்று ஒரு தடவை, விளையாட்டுக்காவது, சோறு ஊட்டும்போதாவது. பொத்தியிருந்தால் நல்ல கண்ணைப் பொத்தும்போது கையைத் தட்டிவிட்டிருப்பாள், அழுதிருப்பாள், அதற்கும் நான் ஒரு பெயர் வைத்திருப்பேன். அவள் அன்றைக்கு நேராகத்தான் கேட்டாள். பதில் ஒரு சொல். இரண்டுமே பார்க்கிற கண்தான் கோதை, ஏன், உனக்கு அப்படி இல்லையா. பறவை தொட்டு வளர்க்குமாம் குஞ்சை, மீன் பார்த்தே வளர்க்குமாம், ஆமை எங்கோ கடலுக்குள் இருந்துகொண்டு கரையில் புதைத்த முட்டையை நினைத்தே வளர்க்குமாம். குருவருள் மூன்று விதம் என்பதற்குச் சொல்கிற உவமை, கூட்டங்களில் நான் நன்றாகச் சொல்வேன், கை தட்டுவார்கள். சித்ரகலா பறவை. ரிஸ்வானைக்கூட மீன் என்று சொல்லிவிடலாம். நான் ஆமை, நினைத்து வளர்த்தவன், அதுவும் என்னையே பாதி நினைத்துக்கொண்டு.

வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு பார்க்கிறேன். தெரிகிறது. இடது கண்ணைப் பொத்துகிறேன். தெரிகிறது. வெட்கமாக இருக்கிறது இப்படி இரண்டிலும் தெரிவது. "கண்ணுல என்ன?" என்று காபியோடு வந்து நிற்கிறாள் சித்ரகலா. "தூசி." "வீட்டுல இருக்கற தூசியெல்லாம் உங்க கண்ணுலதான் விழும்." டம்ளரை என் கையில் வைத்துவிட்டு, மகளின் ஒட்டு ஓரத்தை ஆள்காட்டி விரலால் நீவிவிடுகிறாள். "அரிக்குதா கண்ணு?" கண்ணு. அவளால் இன்னும் அந்தச் சொல்லைச் சொல்ல முடிகிறது, எல்லா வீட்டிலும் பிள்ளைகளைக் கூப்பிடுகிற சாதாரணச் சொல், எனக்குத்தான் அது வாயில் வராமல் போய்விட்டது. "நாளைக்கு நல்லபடியா இல்லேன்னா என்னம்மா ஆகும்?" என்று கோதை கேட்கிறாள். நாங்கள் அவள் முன்னால் அதைப் பேசவே இல்லை. காது, காதுதான் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறது. "ஒண்ணும் ஆகாது, இன்னொரு கண்ணுதான் ராணியாட்டம் இருக்கே" என்கிறாள் சித்ரகலா, குரல் ஆடவில்லை, உள்ளே போய் அடுக்களையில் பாத்திரத்தை மட்டும் தேவைக்கு மேல் சத்தமாக வைக்கிறாள். ஒரு கண் போதாதா. போதும். ஒரு கண்ணோடு எத்தனையோ பேர் எல்லாம் செய்கிறார்கள். அந்த ஒரு கண்ணுக்கு ஒன்று ஆகாமல் இருக்க வேண்டும், ஒரு பந்து, ஒரு பட்டாசு, ஒரு ஸ்கூட்டர் கைப்பிடி இன்னும் ஓரங்குலம் தள்ளி. சாகிற வரைக்கும் அதை நினைத்துக்கொண்டிருக்க வேண்டும், ஆமைக்கு வேறென்ன வேலை. ஆனால் எனக்குள் இதற்கும் கீழே ஒன்று கிடக்கிறது, அற்பமானது, சொன்னால் சிரிப்பார்கள்: அவள் என் பக்கத்தில் உட்கார்ந்ததெல்லாம் என்ன? காய்ச்சல் வந்தபோது, மின்சாரம் போனபோது, கல்யாண வீடுகளில் இத்தனை நாற்காலி கிடக்கும்போது என் இடது கையைத் தூக்கி அதற்குக் கீழே நுழைந்துகொண்டாளே. அத்தனையும் ஒரு கோணமா? நாளைக்குக் கண் தெரியாமல் போனால் அவள் இடது பக்கமே உட்காருவாள், தெரிந்துவிட்டால் எங்கே வேண்டுமானாலும் உட்காருவாள், எங்குமே உட்காராமலும் போவாள், நான் எதற்காக வேண்டிக்கொள்வது? இது ஒரு அப்பன் நினைக்கிற நினைப்பா. தெரிய வேண்டும், தெரிந்தால் போதும், அவள் போய் ஒட்டகத்தின்மேல் வேண்டுமானாலும் உட்காரட்டும்.

"போதும்ப்பா, நீதான் எல்லா தடவையும் ஜெயிக்கற. கதை படி." ஒட்டை எடுக்க இன்னும் நேரம் இருக்கிறது. சுவரில் சாய்ந்து, கால் நீட்டி, நூலகத்திலிருந்து எடுத்துவந்த படக்கதையை மடியில் விரிக்கிறேன், ஒரு நரி மலையேறுகிற கதை, பக்கத்துக்குப் பக்கம் பெரிய படம். பழக்கம் இடது கையைத் தூக்கி வைத்துக்கொள்கிறது. ஒட்டுப் போட்ட நாட்களிலும் அவள் அங்கேதான் வருவாள், நுழைவாள், திறந்திருக்கும் கண்ணையும் மூடிக்கொள்வாள், நீ படி நான் கேக்கறேன் என்பாள், புத்தகத்தின் பக்கம் திரும்பக்கூட மாட்டாள். கண்ணைத் திறடி என்று அதட்டினால், சும்மா கண்ணுதானப்பா, திறந்தா என்ன மூடுனா என்ன. படிக்க ஆரம்பிக்கிறேன். ஒரு ஊர்ல ஒரு நரி. அவள் எழுந்து வருகிறாள், பரமபத அட்டையை மிதித்துக்கொண்டு, என் காலைக் கையால் தொட்டு அடையாளம் பார்த்துக்கொண்டு. இடது பக்கம் வந்து நிற்கிறாள். உட்காரவில்லை. என்ன யோசனை என்று தெரியவில்லை, தலையை இப்படித் திருப்புகிறாள், அப்படித் திருப்புகிறாள், ஒட்டைத் தொட்டுப் பார்க்கிறாள். தூக்கிய கை தூக்கியபடியே இருக்கிறது. பிறகு என் நீட்டிய கால்களைத் தாண்டி, தடுக்கி, என் முழங்காலைப் பிடித்துச் சமாளித்து, வலது பக்கத்துக்குப் போகிறாள். உட்காருகிறாள். என் வலது கையைத் தானே தூக்கி அதற்குக் கீழே நுழைந்துகொள்கிறாள். எலும்பு எலும்பாகத் தோள், தேங்காய் எண்ணெய் வாசனை, இந்தப் பக்கத்து விலாவுக்கு இதெல்லாம் புதுசு. முகத்தைப் புத்தகத்துக்குக் கொண்டுபோகிறாள், கிட்டே, இன்னும் கிட்டே, கண்ணாடி வில்லை காகிதத்தில் இடிக்கிறது. நான் படிப்பதை நிறுத்திவிட்டேன். மூச்சை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஒரு விரல் படத்தின்மேல் மெதுவாகப் போகிறது, தடவவில்லை, காகிதத்தில் தடவ என்ன இருக்கிறது, அந்தப் பெரிய சாம்பல் நிறத்தின் ஓரமாகவே போகிறது. "அப்பா, இது யானையா?"

யானை இல்லை, மலை. பிழையைக் கண்டால் திருத்தாமல் விட்டதில்லை நான், செய்தித்தாளில், கல்யாணப் பத்திரிகையில், கோயில் கல்வெட்டில்கூட. நாளைக்குக் காலையில் பலகையில் என்ன தெரியுமோ, ஒரு வரி கூடுமோ கூடாதோ, டாக்டரம்மா பேனா மூடியைத் தேடுவாரோ. "இன்னொரு தடவை பாரு கண்ணு" என்கிறேன். அவள் குனிகிறாள். விசிறிக் காற்று என் இடது பக்கத்தில் நேராக வந்து படுகிறது, இத்தனை வருஷத்தில் அங்கே காற்றுப் பட்டதில்லை. குளிர்கிறது. இடது கையை இன்னும் தூக்கித்தான் வைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிகிறது, மெதுவாக இறக்குகிறேன்.